‘ப’ என்று எழுதிய குப்பி

நகைக்கும் சேலைக்கும் நான் யாரைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் வயிறெரிந்திருக்கிறேன். அதுவும் அவளுடைய புரதங்களுக்காக.

ஏறாவூர் றிசானாவும் நானும் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுகூடம். ராணியாகப் போகும் தேனீப் புழுவுக்கு ஊட்டப்படும் ராயல் ஜெல்லியை எடுத்து, அதன் புரதங்கள் கிருமிகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. கிரானிலிருந்த தேன்பெட்டிகளுக்கு இருவரும்தான் போவோம். கொட்டு வாங்குவது நான் மட்டும். (அவளைக் கண்டால் தேனீக்கள் எழுந்து நின்று வழிவிடும்.)

மின்சாரம் பாய்ச்சிய ஜெல் தட்டில் ஓடவிட்டால் புரதங்கள் கோடுகோடாகப் பிரிந்து நிற்க வேண்டும். அவளுடையவை நின்றன. என்னுடையவை மழையில் நனைந்த மைபோலக் கலங்கின.

“றிசானாட கையைப் பாருங்க புள்ள” என்பார் பேராசிரியர். நான் பார்த்த பார்வைக்கு அந்தக் கை பட்டுப்போகாதது அதிசயம்.

கொழும்பு மாநாட்டுக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம் என்றார். அன்று மத்தியானம் றிசானா தொழப் போனதும் குளிரூட்டியைத் திறந்தேன். அவளுடைய தட்டில் வெள்ளையாக ஒரு குப்பி. மேலே ‘ப’ என்று மட்டும் எழுதியிருந்தது. ‘பரிசுத்தமாக்கியது’ என்று நானே பொருள் எடுத்து, சில துளிகளை எடுத்து என் ஜெல்லில் விட்டேன்.

கோடுகள் அச்சடித்ததுபோல வந்தன. ஆய்வுகூடம் முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினேன். பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது தேனீட்ட இருந்துதான் எடுத்தீங்களோ?”

“ஓம் சேர். நான்தான் எடுத்தன்.”

“ராயல் ஜெல்லிப் புரதம் இன்னும் மேல நிக்கோணும். இது மாட்டுப்பால்ல இருக்கிற புரதம்.”

ஒப்பிட்டுப் பார்க்க றிசானா வைத்திருந்த பால் அது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் குளிரூட்டியைத் திறந்து தன் தட்டை ஒருமுறை பார்த்தாள்.

“குப்பி மாறிப்போச்சு போல, சேர்” என்றாள்.

வெளியே வந்ததும், “கேட்டிருந்தா தந்திருப்பன்தானேகா” என்றாள். கிரான் தேனீக்கள் எல்லாம் சேர்ந்தும் என்னை அப்படிக் கொட்டியதில்லை. அழுதேன். நான் அழுது முடித்த பிறகுதான் அவள் சிரிக்கத் தொடங்கினாள், இன்னும் நிறுத்தவில்லை. மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். கொழும்புக்கு அவள் போனாள்.

இப்போது களுதாவளைக்கு எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் என் மகளுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறாள். போன மாதம் பாலர் பாடசாலை ஆசிரியை என்னை அழைத்தார். பால் எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு மகள் ‘தேனீ’ என்றாளாம். திருத்தியும் கேட்கவில்லையாம்.

“எங்கட அம்மா கறந்தவ, டீச்சர்” என்று அடித்துச் சொன்னாளாம்.