நாலு அங்குலம் தூக்கிய ஜீப்பு

ஆனைமலை,
17-1-96, புதன் காலை.

மாப்பிள்ளை வேலன் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷனும் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டருமான பங்காருசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா அன்புக்கரசியும் நலம். அங்கு நீங்களும், தங்கச்சி மதிவதனியும், குழந்தைகளும், உங்கள் லேத்துப் பட்டறையும் நலமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஜீப்பு நலமில்லை.

மாப்பிள்ளை உறவு என்பதால் மரியாதை குறையாமல்தான் திட்டப்போகிறேன். ஆனால் திட்டுவது திட்டுவதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். போன மாதம் போலியோ சொட்டு மருந்து முதல் தவணைக்கு உங்கள் அக்கா நம் பழைய ஜீப்பில் இச்சிப்பதி மலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். பாதி மலையில் ஜீப்பின் அடிவயிறு பாறையில் இடித்து, ஆயில் ஒழுகி, வண்டி உட்கார்ந்துவிட்டது. கிராம நர்ஸ் உத்தியோகத்தில் இருபத்தாறு வருஷம் ஆன, ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, ஐஸ் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்தாள். சாயங்காலம் வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்களும், "ஸ்பிரிங்குக்குப் பட்டை சேத்தி நாலு அங்குலம் தூக்கிப்போடலாமுங்க மாமா, அப்புறம் பாறை என்ன, யானையே படுத்திருந்தாலும் மேல போயிரலாமுங்க" என்றீர்கள். தூக்கினீர்கள். யானை கிடக்கட்டும், இப்போது தார் ரோட்டிலேயே போக முடியவில்லை.

முதல் நாளே உடுமலைப்பேட்டைச் சாலையில் நாற்பதைத் தொட்டேன், ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான், ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது, பிடித்தால் நிற்கவில்லை, விட்டாலும் நிற்கவில்லை, வண்டியையே நிறுத்தினால்தான் நின்றது, அதற்குள் என் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி வாய்க்கு வந்துவிட்டது. கை இரண்டும் ஆடுவதைப் பார்த்து, நான் கையசைப்பதாக நினைத்து, களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று, "வாங்க வாங்க! என்னுங்க, நிக்காமப் போறீங்க?" என்று கூப்பிடுகிறார்கள். இதற்கு நடுவே அடியில், முன்னாலிருந்து பின் அச்சுக்குப் போகிற அந்த நீள ஷாஃப்டில், கல்லைப் போட்டு மாவரைக்கிற மாதிரி ஒரு உறுமல். நின்றால் உறுமல் இல்லை, ஓடினால் உறுமல். வண்டி என்றால் ஓடத்தானே வேண்டும்?

நம் ஊர் மெக்கானிக் மாசாணம் உங்களுக்குத் தெரியும், தங்கமான மனுஷன், ஒரே குறை, யாரையும் மறுத்துப் பேசமாட்டார். "டயர்ல கோளாறோ?" என்றேன். "இருக்குமுங்க" என்றார். பொள்ளாச்சிக்குப் போய் நாலு சக்கரத்துக்கும் ஈயம் வைத்து பாலன்ஸ் பார்த்தோம். ஆடியது. "ஸ்டீயரிங் ராடு முனை தேஞ்சிருக்குமோ?" என்றேன். "அப்படியும் இருக்கலாமுங்க" என்றார். மாற்றினோம். ஆடியது. "ஷாஃப்டு மூட்டுல இருக்கற கிராஸ் போயிருக்குமோ?" என்றேன். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார். மாற்றினோம். புது கிராஸ் பழையதைவிட நன்றாக உறுமியது. நான் சொன்னது எல்லாம் சரி, வண்டி மட்டும் சரியில்லை! முப்பத்திநாலு வருஷம் தபால் இலாகாவில் ஒருவர்கூட என்னிடம் இத்தனை தடவை ஆமாம் சொன்னதில்லை.

பிறகு உங்களுக்கு எழுதினேன். அச்சின் கோணம் மாறிவிட்டது என்று கண்டுபிடித்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே வைக்க நாலு ஆப்புத் தகடு, ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெல்லிசாகக் கடைந்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. தடித்த முனை ஒவ்வொன்றிலும் சிவப்பாகப் பொட்டு வைத்து அனுப்பியிருந்தீர்கள், உங்கள் பக்தியில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எப்படி மாட்டுவது என்று எனக்கு ஒரு வரி? ஒரே ஒரு வரி? கிடையாது. உங்கள் அக்கா பெயருக்கு ஒட்டிய கவர் ஒன்று மட்டும் கூடவே வந்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை, அதைக் காலண்டருக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிவிட்டு அவளிடமும் சொன்னேன். வீடு வீடாகக் குழந்தைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள், "பொங்கல் வாழ்த்தா இருக்குமுங்க, அப்புறம் பாத்துக்கறேன்" என்று போய்விட்டாள்.

நானும் மாசாணமும் பயபக்தியாகத்தான் மாட்டினோம். தகட்டைக் கையில் எடுத்ததும் மாசாணம் செருப்பைக் கழற்றிவிட்டார். "பொட்டு வச்ச பக்கம் ஓட்டறவரப் பாத்தாப்பல இருக்கோணுமுங்க. சாமி மொகத்த ரோட்டப் பாத்துத் திருப்பி வெக்கலாமுங்களா?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாலு பொட்டும் என்னையே பார்க்கிற மாதிரி, தடித்த முனை பின்னால் வர மாட்டி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். முன்பு நாற்பதில் ஆடியது இப்போது இருபத்தைந்தில் ஆடுகிறது! உறுமலைக் கேட்டு மாட்டுப்பொங்கல் அன்று கொம்புக்கு வர்ணம் அடித்து நிறுத்தியிருந்த இரண்டு காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. மாசாணமே முதன்முறையாகத் தானாக ஒரு கருத்துச் சொன்னார்: "ஷாஃப்டு கழண்டு விழுந்தாலும் விழுமுங்க."

வருகிற சனிக்கிழமை இரண்டாம் தவணை. இச்சிப்பதியில் முப்பத்தோரு குழந்தைகள். நேற்று உங்கள் அக்கா ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கி, ஒத்திகை பார்க்கலாம் என்று ஏறி உட்கார்ந்தாள். அரை மைலில் பெட்டி மூடி திறந்துகொண்டது, பாட்டில்கள் அவள் மடியில். "ஏனுங்க, மருந்து மோராயிருமுங்க. நான் ஐயாசாமி அண்ணன் டிராக்டருக்குச் சொல்லிப்போட்டேன்" என்றாள். ஐயாசாமி! நான் ஜீப்பு வாங்கிய அன்றே, "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருங்க" என்று சொன்ன ஐயாசாமி! அந்த டிராக்டரில், என் பொண்டாட்டி, என் வீட்டு வாசலிலிருந்து ஏறிப் போவதை நான் பார்க்க வேண்டுமா? அவளை நடக்கவைக்கக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன். எனக்கு வலிக்கிறது மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆகவே வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீங்களே நேரில் வந்து ஜீப்பை நாலு அங்குலம் கீழே இறக்கித் தரவும். இல்லையென்றால் உங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் நான் வரமாட்டேன். வந்தாலும் சாப்பிடமாட்டேன்.

மற்றபடி வேறு விசேஷம் இல்லை. தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள், பட்டறையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். கோபம் உங்கள் மேல் மட்டும்தான்.

இப்படிக்கு,
மனம் நொந்த,
பங்காருசாமி.

பின்குறிப்பு (அதே புதன், சாயங்காலம்): மேலே கண்டதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது, ஸ்டாம்பு தேடி உங்கள் அக்கா காலண்டரைத் தூக்கினாள். கவர் விழுந்தது. பிரித்து உரக்கப் படித்தாள்: "அக்கா, மாமாவுக்கு நான் சொல்லிக்குடுத்தா மரியாதையா இருக்காது. நீயே பக்குவமாச் சொல்லிப்போடு. சிவப்புப் பெயிண்ட் வச்ச தடிச்ச முனை ரோட்டப் பாத்து, முன்பக்கமா இருக்கோணும். மாத்தி வச்சா ஆட்டம் அதிகமாயிரும்." படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். மாசாணம் இரண்டு மணி நேரத்தில் நாலு தகட்டையும் திருப்பிவிட்டார், இந்தத் தடவை செருப்போடு. ஐம்பதில் ஓட்டினேன். ஸ்டீயரிங்கை ஒற்றை விரலில் பிடிக்கலாம், ஷாஃப்டு வாயே திறக்கவில்லை, ஐஸ் பெட்டி மேல் வைத்த டம்ளர் தண்ணீர் சிந்தவில்லை. ஐயாசாமி வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை போய் வந்தேன். சனிக்கிழமை உங்கள் அக்கா என்னோடுதான் வருகிறாள். நாலு அங்குலம் அப்படியே இருக்கட்டும். நீங்கள் வெள்ளிக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள்.

எழுதிய கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வருவதில்லை, அதனால் அனுப்புகிறேன். ஆனால் யோசித்துப் பார்த்ததில், உங்களை நேராகத் திட்டினால் மரியாதையாக இருக்காது. எனவே கவரின் மேல் தங்கச்சி மதிவதனி பெயரை எழுதியிருக்கிறேன், அவள் பக்குவமாகச் சொல்லிக்கொள்வாள். நீங்கள் பிரிக்கக் கூடாது.