மூன்று கையெழுத்துச் சிவப்புக் கொடி

மனிதகுலம் கண்டறிந்த மொழிகளிலெல்லாம் உயர்ந்தது, சுங்கை வே ஊர் மோட்டார் பந்தயச் சங்கத்தின் கொடி மொழியே. ஏழு நிறம், ஏழு கொடி, விளக்கத்துக்கு முப்பத்திரண்டு பக்கப் புத்தகம். கொடியைக் கண்டதும் ஓட்டுநர் புத்தகத்தைப் புரட்டிப் பொருளறிந்து நடக்க வேண்டும். புரட்டுவதற்காக வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பது நான்காம் விதி.

1936ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இரண்டாம் வளைவில் கொடி காட்டும் ‘பெரும்பேறு’ பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி கிரிகரிக்குக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளாக ரயிலுக்குக் கொடி காட்டியவர். பாவம், ரயில் படிக்காத ஜந்து. போ, நில் என்ற இரண்டுதான் அதற்குப் புரியும். இங்கே ஆறு கொடிகளைக் கையில் வாங்கியதும் கிரிகரி மனத்துக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டார்.

ஏழாவது சிவப்பு. ‘பந்தயத்தை நிறுத்து’ என்று பொருள். அது சங்கத்தின் செயலாளரும் எழுத்தருமான கிராணி கந்தையாவின் பெட்டியில் பூட்டியிருந்தது. போன ஆண்டு தடத்தில் எருமை வந்ததென்று யாரோ அதைக் காட்டிவிட, எருமை பிழைத்தது, பந்தயம் கெட்டது. அதன்பிறகு மூன்று கையெழுத்தில்லாமல் சிவப்பு வெளியே வராது.

ஐந்தாம் சுற்றில் வாலண்டைனின் கார் செம்மண்ணில் சறுக்கிக் கவிழ்ந்தது. அவன் அடியில் மாட்டிக்கொண்டான். கிரிகரி ‘ஆபத்து, மெல்லப் போ’ என்னும் மஞ்சள் கொடியை ஆட்டினார். பின்னால் வந்த ஓட்டுநர் அன்போடு பதிலுக்குக் கையசைத்து, மயிரிழையில் விலகிப் போனார். மற்ற கார்கள் சுற்றி வர நாலே நிமிடம்.

கிரிகரி சங்கத்தின் கூடாரத்துக்கு ஓடினார்.

“கிராணி ஐயா, செவப்பக் குடுங்க. வாலண்டைன் காருக்கு அடியில கெடக்கிறான்.”

“விண்ணப்பம் எங்கை?” என்றார் கந்தையா.

“நீங்களே ஒண்ணு குடுங்கய்யா.”

கந்தையா ஒரு தாளை எடுத்துக் கையெழுத்திட்டார். பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர், வெள்ளைக்காரத் துரை, தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே தம் கையெழுத்தைப் போட்டார்.

“மூண்டாவது, ஓட்டுநர்களின்ரை பிரதிநிதி.”

“அது யாருங்க?”

“வாலண்டைன்.”

“அவன்தானுங்க அடியில கெடக்கிறான்.”

“அப்ப நல்லதாப் போச்சு. ஆளைத் தேடத் தேவையில்லை. மையிலை போடச் சொல்லும், பென்சில் செல்லாது.”

தாளும் மைப்புட்டியுமாகக் கிரிகரி வளைவுக்கு ஓடிவந்தார்.

“கொடி எங்கண்ணே?” என்றான் வாலண்டைன்.

“நீ கையெழுத்து போடணுமாம் தம்பி.”

வாலண்டைன் கொஞ்சம் யோசித்தான். “வலது கை காருக்கு அடியில இருக்குண்ணே. இடது கையால போட்டா ஏத்துப்பாங்களா?”

தூரத்தில் இயந்திரங்கள் உறுமின. கிரிகரி மைப்புட்டியை எறிந்தார். சிலுவை அடையாளம் போட்டார். தடத்தின் நடுவே நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். கொடியில்லாத நேரத்தில் ரயிலுக்குச் சொல்லும் ‘நில்’ அது. கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் கார் அவர் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பின்னால் மற்ற மூன்றும் நின்றன.

“நிக்கச் சொல்றதுக்கு இவ்வளவுதானா அண்ணே?” என்று கேட்டபடி முதல் காரிலிருந்து மாரிஸ் என்ற ஓட்டுநர் இறங்கினார். “இது புத்தகத்துல இல்லையே லா.”

நாலு ஓட்டுநர்களும் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். கடலை விற்க வந்த பவுனம்மாள், யாரிடமும் அனுமதி கேட்காத ‘ஒழுங்கீனத்தோடு’, தன் சேலை முந்தானையைக் கிழித்து வாலண்டைனின் காலைக் கட்டினாள். “எனக்கு இன்னொரு சீலை இருக்கு தம்பி. நீ அசையாம இரு.”

மாலையில் சங்கம் கூடியது. கிரிகரியும் அழைக்கப்பட்டார். தீர்மானங்களைக் கந்தையா வாசித்தார்: “சிவப்புக் கொடி காட்டப்படவில்லை; ஆகவே ஆபத்து எதுவும் நிகழவில்லை. உரிய அனுமதியின்றித் தம் இரு கைகளையும் உயர்த்திய கிரிகரிக்குக் கண்டனம். கொடியைக் கசங்காமல் காத்த செயலாளருக்குப் பாராட்டு.”

எல்லோரும் கைதட்டினார்கள். கசங்காத கொடியை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்கள். கிரிகரி அந்த மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

வெட்கத்தில் சிவந்திருந்தது கொடி ஒன்றுதான்.