தாண்டவராயன் ஓடிய விவரம்

சுங்குவார்சத்திரம்,
புதன்கிழமை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் ராஜாமணி அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் வீட்டில்தான் இருக்கிறேன். அங்கு தாங்களும் கோபம் தணிந்து இருக்கச் சாமியை வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓடிப்போய்விட்டதாக உங்களுக்குப் போன் வந்ததும், நீங்கள் அரக்கோணத்திலிருந்து வேன் நிறைய ஆட்களோடு வரப்போவதும் தெரிந்தது. மச்சான், நான் ஓடியது உண்மை. போனது உண்மையில்லை. ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாக என்னை வீட்டில் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பதற்குத் தவிர. சர்க்கரை டாக்டர் வேறு உடம்பை அசைக்கச் சொன்னார். அதனால்தான் ஞாயிறுதோறும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற குழுவில் சேர்ந்தேன். புருஷோத்தமன் என்கிற தம்பி நடத்துகிறார். ஆளுக்கொரு நீல பனியன் கொடுத்தார். "இந்த வயசுல இன்னாய்யா ஓட்டம், அதுவும் அரை டிராயர் போட்டுகினு" என்று உங்கள் தங்கை கேட்டபோதே நான் நின்றிருக்க வேண்டும்.

குழுவில் என் வேகத்துக்கு ஓடுகிறவர் ஒரே ஒருவர், ரிட்டயர்டு டீச்சர் வேல்விழி. வேகம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எங்களைத் தாண்டி ஒரு எருமை நடந்து போனது. அன்று டீச்சருக்குப் பாதி வழியில் முட்டி பிடித்துக்கொள்ள, ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டார். நான் தனியாக ஓடிவந்து பஸ் ஸ்டாப் தூணைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கியபோது ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. அந்தக் கம்பெனி சட்டையும் அதே நீலம் என்று நான் கண்டேனா? ரகு என்கிற சூப்பர்வைசர் இறங்கி, "யோவ், ஓடியாந்தியா? நல்லதாப் போச்சு. நாப்பத்திரண்டுல ஒரு தலை குறையுது, ஏறு ஏறு" என்றார். நான் இல்லை என்றுதான் தலையை ஆட்டினேன். மூச்சு வாங்கியதில் அது மேலும் கீழுமாக ஆடிவிட்டது. பஸ்ஸுக்குள் ஏசி. உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். எழுப்பி இறக்கியபோது ஒரகடம் ஃபேக்டரி வாசல். தலையில் தொப்பியை மாட்டி, கையில் ஸ்டிக்கர் கட்டைக் கொடுத்து லைனில் உட்காரவைத்துவிட்டார்கள். போன் வீட்டில்.

பக்கத்தில் செல்லக்கனி என்று சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். "பெரியப்பா, புதுசா சேந்தியளா? ஸ்டிக்கர நேரா ஒட்டுங்க" என்றாள். "தெரியாம பஸ்ஸுல ஏறிட்டேம்மா" என்றேன். "நாங்களும் அப்படித்தான ஏறி வந்தோம். பெட்டி வருது பாருங்க" என்றாள். பெட்டி நிற்காமல் வருகிறது மச்சான், அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படி எழுந்து வருவது? சாயங்காலம் ரகு வந்து பார்த்து, "சார், ஒண்ணுகூட கோணலா இல்லியே! உங்க நம்பர் குடுங்க" என்றார். சார் என்றார் மச்சான்.

இதற்கிடையில் உங்கள் தங்கை புருஷோத்தமனுக்குப் போன் போட்டு, "எங்க வூட்டுக்காரரு எங்கப்பா?" என்று கேட்க, அந்தப் பிள்ளை, "அவரு அப்பவே ஓடிட்டாரேம்மா" என்றிருக்கிறது. "தனியாவா?" "இல்லம்மா, வேல்விழி டீச்சரோட." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் என் தலையெழுத்து. பஸ் என்னை இறக்கிவிட்டபோது வாசலில் முப்பது பேர். உங்கள் தங்கை திட்டவில்லை. அழுதாள், என் கை காலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு "சோறு துன்னியா?" என்றாள். கேன்டீனில் முட்டையோடு சாப்பிட்டேன் என்றேன். அதிலிருந்து மூன்று நாளாகப் பேச்சில்லை.

ஆகவே, தயவுசெய்து வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, தங்கைக்கு ஒரு போன் போட்டு என் ஒழுக்கத்துக்கு நீங்களே ஜவாப்தாரி என்று சொல்லவும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசல்படி தாண்ட மாட்டேன். அரை டிராயர் கரித்துணி ஆகிவிட்டது. டீச்சர் வீடு எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
எங்கும் போகாத
தாண்டவராயன்

பி.கு.: ரகு சார் இப்போதுதான் போன் செய்தார். வரும் ஞாயிறு ஓவர்டைமாம், அங்கே ஓ.டி. என்பார்கள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். போனில் சொன்னேன், உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று டீச்சரும் வருகிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மறைப்பானேன் என்று உங்கள் தங்கையிடம், "ஞாயித்துக்கிழமை டீச்சரோட ஓ.டி. போறேன்" என்று சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள். உங்களுக்குத்தான் அடிக்கிறாள் என்று நினைக்கிறேன்.