மூலத்திலிருந்தே சரிசெய்யப்படும்

மனித குலத்துக்கு விடுதலை எந்தத் திசையிலிருந்து வரும் என்று அறிஞர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் எப்போதோ வந்துவிட்டது. கௌதம்ராஜின் கணினி மையம்தான் அது. அதன் ‘கொள்கைபரப்புச் செயலாளர்’ அடியேன்.

எங்கள் கொள்கை எளிது. லினக்ஸ் இயங்குதளத்தில் எவனோ கட்டி வைத்த பொட்டலத்தை இறக்கிப் போடுவது மளிகைக்கடைத்தனம். எந்த மென்பொருளானாலும் அதன் மூல நிரலை வாங்கி, நாமே கம்பைல் செய்து, அதாவது கணினி மொழிக்கு மாற்றித்தான் நிறுவ வேண்டும். பிறர் கைபட்டதை நம்பக் கூடாது. இதையே சுருக்கி வாசலில் பலகை வைத்தோம்: ‘எதுவாயினும் மூலத்திலிருந்தே சரிசெய்யப்படும்.’ அதைப் படித்துவிட்டு வத்திராயிருப்பு குருசாமி என்ற பெரியவர் மாடியேறி வந்தார். நாற்காலி போட்டும் உட்கார மறுத்து, நின்றுகொண்டே இருந்தார்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜுவைரியாவும் வந்திருந்தாள். நர்சிங் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரைதான். சான்றிதழ்களை முந்தின நாளே எங்களிடம் ஸ்கேன் செய்துவிட்டு, அசலை வீட்டில் பத்திரப்படுத்தியிருந்தாள். அனுப்பப் பிரவுசர் மட்டும்தான் இல்லை. பழையது ‘பொட்டலம்’ என்பதால் அன்று காலையில்தான் உரிய மரியாதையுடன் நீக்கியிருந்தோம்.

“செத்த நேரம் இரு தங்கச்சி, கம்பைல் ஆயிட்டிருக்கு” என்றார் கௌதம்ராஜ்.

பிரவுசர் தனக்குத் துணையாக ஒரு லைப்ரரி நிரல் கேட்டது. அந்த லைப்ரரி இன்னொரு லைப்ரரி கேட்டது. அதுவோ, புதுக் கம்பைலர் இல்லாமல் அசைய மாட்டேன் என்றது. கௌதம்ராஜ் கம்பைலரையே கம்பைல் செய்யத் தொடங்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

“பென்டிரைவுல போட்டுக் குடுங்கண்ணே. வேற கடைக்குப் போறேன்” என்றாள் ஜுவைரியா.

“பென்டிரைவப் படிக்கிற டிரைவர் புரோகிராமும் கம்பைல்லதான் இருக்கு. தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு, இரு.”

குருசாமிக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, எனக்காவது ஒரு எடத்துலதான் மூலம். ஒங்க மிசினுக்கு ஒடம்பு பூராவுமா?”

மணி ஐந்தடித்துக் கொஞ்ச நேரத்தில் பிரவுசர் திறந்தது. நாங்கள் கைதட்டினோம். முதலில் வந்ததே கல்லூரியின் பக்கம்தான்: ‘விண்ணப்பிக்கும் காலம் முடிவடைந்தது.’

“எழுத்து எம்புட்டுத் தெளிவா வருது பாத்தியா தங்கச்சி!” என்றார் கௌதம்ராஜ்.

“தெளிவாத்தாண்ணே தெரியுது. எனக்கு ஒரு வருசம் போச்சு” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கொள்கைக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. பிறர் செய்ததை நம்பி எங்கள் கடையில் இதுவரை ஒருவர்கூடக் கெட்டதில்லை. ஜுவைரியா நம்பியது எங்களைத்தான்.