பேரில்லாத இருபத்துநாலு முகங்கள்

மிசாவோ டீச்சர் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இருபத்துநாலு படங்கள். ஒன்றின் பின்பக்கத்திலும் பேர் இல்லை.

மணி ஒன்பது. பத்து மணிக்கு அம்மாமார்கள் வந்துவிடுவார்கள். அன்னையர் தினத்துக்கு முந்தின சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, பிள்ளைகள் வரைந்த தங்கள் முகத்தைச் சுவரில் பார்த்துவிட்டுப் போவது அந்த ஜப்பானியக் கடலோர ஊரில் வழக்கம். கருவாடு காயப்போடும் பெண்கள்கூட அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, விசேஷத்துக்கென்று பெட்டியின் அடியில் கிடக்கும் கறுப்புக் கிமோனோவை உதறிக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

ஊரில் கலர் டிவி இரண்டே வீட்டில் இருந்த காலம். புத்தர் கோயிலை ஒட்டின பாலர் பள்ளி. சூரியகாந்தி வகுப்பு என்றால் ஐந்து வயசுப் பிள்ளைகள். காலையில் உள்ளே நுழைந்தால் கிரேயான் வாசனையும், ஈரத்துணியால் துடைத்த மரத்தரை வாசனையும், கோயில் ஊதுபத்தி வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும். வாசலில் உள்ளங்கை அளவு செருப்புகள் இருபத்துநாலு ஜோடி, பாதி இடம் வலம் மாறிக் கிடக்கும். அங்கே படித்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆனாலும் எங்கேயாவது அந்த வாசனை வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறார்களாம்.

மிசாவோவுக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் வெகுதூரம். வாடகை அறையில் மூன்று நாள் தனியாகக் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் எழுந்து வந்திருந்தாள். பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். அதுகளோ அவளைப் பார்த்ததும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்துவிட்டு ஊஞ்சலுக்கு ஓடிவிட்டன.

‘மூணே நாள்ல மறந்து போச்சு’ என்று உள்ளே சின்னதாக ஒரு வலி.

படுத்த அன்றைக்கே தலைமையாசிரியருக்கு போன் போட்டு, பிள்ளைகளை அம்மா முகம் வரைய வைக்கச் சொல்லியிருந்தாள். கோயில் பூசாரியும் அவர்தான். படங்கள் அவளுடைய மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தன. பேர்தான் இல்லை. அவரைக் கேட்கலாமென்றால் பக்கத்துக் கிராமத்துக்கு நினைவுநாள் பூசைக்குப் போய்விட்டார். ஆயா தோமே விருந்தாளிகளுக்கு இனிப்பு வாங்கப் போயிருந்தாள்.

சரி, வரைந்தவர்களையே கேட்போம் என்று, இருப்பதிலேயே லட்சணமான படத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இது யார் வரைஞ்சது?”

“நான்!”

“நான்தான் டீச்சர்!”

“பொய் சொல்றான், நான்தான்!”

ஒன்பது பேர் கை தூக்கினார்கள். கோணல் வாயும் மூன்றே மூன்று முடியுமாக இருந்த இன்னொன்றை எடுத்தாள். “இது?”

ஒரு கையும் எழவில்லை.

“யாரும் வரையாம தானா நடந்து வந்துச்சா? தெட்சுயா, இது உங்கம்மாவா?”

“ஐயே, எங்கம்மா இல்ல.”

“சயோகோ, உங்கம்மாவா?”

“எங்கம்மா இவ்ளோ அசிங்கமா இருக்க மாட்டாங்க டீச்சர்” என்றாள் சயோகோ. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“அப்ப யாரோட அம்மா?”

“சொல்ல மாட்டோமே! அப்புறமாத்தான்!”

இந்தக் கலாட்டாவில் ஒன்பது சொந்தக்காரர்களும் இழுத்ததில் லட்சணமான படம் குறுக்கே கிழிந்தது. அவசரத்தில் பசை போட்டு ஒட்டினதில் நெற்றி ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமுமாகப் போய், அழகி கோணல்மாணலானாள்.

பிள்ளைகளை மணலில் விளையாட விரட்டிவிட்டு, மிசாவோ படங்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். துப்புத் துலக்க வேண்டியதுதான். தலையில் துணி போட்டிருப்பவள் மீன்கடைக்காரி. கடையில் முண்டாசு கட்டாமல் அவளைப் பார்த்ததே இல்லை. மூக்கு செக்கச்செவேல் என்றிருப்பவள் மதுக்கடைக்காரி. கழுத்தில் வெங்காயத்தாள் தொங்குகிறது, இது சந்தேகமே இல்லாமல் காய்கறிக்கடை. பாயில் படுத்திருப்பவள், இருபது நாள் முன்பு பிள்ளை பெற்ற தபால்காரர் மனைவி. மற்றவர்களைக் குத்துமதிப்பாகப் பிரித்தாள். பேர்ச் சீட்டு எழுதிச் சுவரில் குத்தினாள்.

தள்ளி நின்று பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. படுத்தவள், நின்றவள் எல்லோருக்கும் வாய் ‘ஆ’ என்று திறந்தே இருந்தது. ‘இந்த ஊர் அம்மாக்கள் வாயை மூடவே மாட்டாங்களா? பாவம் பிள்ளைங்க.’

பத்து மணிக்குக் கறுப்புக் கிமோனோக்கள் வரிசையாக உள்ளே வந்தன.

“பாருங்கடி, நான் கட்டற துணியைக்கூட விடல என் புள்ள!” என்று மீன்கடைக்காரி பூரித்துப் போனாள். மிசாவோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் ஒரு நிமிஷம்தான் தங்கியது.

“டீச்சர்” என்றாள் மதுக்கடைக்காரி, சிவப்பு மூக்கின் எதிரே நின்றுகொண்டு. “நான் விக்கறதோட சரி. மோந்துகூடப் பார்க்கறதில்ல.”

“ஐயோ, இல்லைங்க, கலர் கொஞ்சம் ஈஷிக்கிச்சு போல...”

“கரெக்டா மூக்குலயா ஈஷிக்கும்?”

“மன்னிச்சுக்குங்க, சீட்டு மாறிப்போச்சு!” மிசாவோ சட்டென்று அந்தச் சீட்டைப் பிடுங்கிப் படுத்திருந்த படத்தில் குத்தினாள். அங்கிருந்த சீட்டை இங்கே குத்தினாள்.

மதுக்கடைக்காரியோடு அவள் மாமியாரும் வந்திருந்தாள்.

“பார்த்தியா? நான் சொன்னா சண்டைக்கு வருவ. இப்ப பேரனே வரைஞ்சுட்டான், நாள் பூரா படுத்தே கிடக்கறேன்னு.”

தபால்காரர் மனைவி கைக்குழந்தையோடு சிவப்பு மூக்கின் முன்னால் நின்றாள். “பத்தியச் சாப்பாட்டுல இருக்கேன். எனக்கா இந்தப் பேரு?” என்று அவள் விசும்ப, குழந்தை அவளைவிடப் பெரிதாக வீறிட்டது.

“எங்க கடையில வெங்காயத்தாள் இவ்ளோ வாடிக் கிடக்காது!” இது காய்கறிக்கடை.

“யாரு என்னை நடுவுல கிழிச்சு ஒட்டுனது?” இது பின்னாலிருந்து.

மிசாவோ இடுப்பு ஒடியக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். இன்னும் இரண்டு சீட்டை மாற்றினாள். நாலு பேர் புதிதாகக் கோபித்துக்கொண்டார்கள். வேலை போயிற்று, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவள் நினைத்த நேரத்தில், கருவாட்டுக் கூடத்தில் வேலை செய்யும் ஒரு மெலிந்த பெண் மெதுவாகப் பேசினாள்.

“சண்டை எதுக்கு? எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுத்தானே நிக்கறோம். புள்ளைங்க கண்ணுக்கு நாம கத்தறதுதான் தெரியுது.”

மாமியார்கூடத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “நேத்து செருப்பு மாத்திப் போட்டான்னு நான்கூடக் கத்திட்டேன்” என்றாள் மீன்கடைக்காரி. இரண்டு மூன்று பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

மிசாவோ நிமிர்ந்து நின்றாள். பிடித்துக்கொள்ள ஒரு கிளை கிடைத்துவிட்டது.

“ஆமாங்க. குழந்தைங்களுக்குப் பொய்யா வரையத் தெரியாது. தினமும் இந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு அதுங்க எப்படித்தான் இருக்குதுங்களோ! இனிமேலாவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு, சிரிச்ச முகமா இருந்து பாருங்களேன்.”

எல்லோரும் பணிவாகத் தலையாட்டினார்கள். அப்போது ஆயா தோமே மூச்சிரைக்க உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஏன் டீச்சர், அம்மா படமெல்லாம் ஐயா சொன்னபடி பேரோட கோயில் கூடத்துல மாட்டி வச்சுட்டு, இனிப்போட அங்க காத்துக்கிட்டிருக்கேன். நீங்க தலையில ஈரத்துணியும் கழுத்துல காய்ச்சலுக்குக் கட்டற வெங்காயத்தாளுமா படுத்துக் கிடக்கறீங்கன்னு புள்ளைங்க மூணு நாளா ஏங்கிப்போய் உங்களை வரைஞ்சு மேஜையில ஒளிச்சு வச்சதை ஏன் இங்க மாட்டி வச்சிருக்கீங்க?”