ஆறு முறை துவைக்கவும்

குளியலறை வாளியில் இருபத்துநான்கு துணி டயப்பர்கள் ஊறிக்கொண்டிருந்தன. பிரஷாந்தி வேலையிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வாளிக்கு முன்னால் குந்தியிருந்த குணாளன் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

பிரஷாந்திக்கு இது எட்டாம் மாதம். வீட்டில் அவள் போட்டது ஒரே ஒரு சட்டம்தான்.

"பிள்ள கையில வர்ற வரைக்கும் ஒரு ஊக்குகூட வாங்கக்கூடாது. சரியா?"

"சரிலா," என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

அது ஏன் என்று இருவருக்கும் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன், ஐந்தாம் மாதத்திலேயே ஆசைப்பட்டுத் தொட்டில் வாங்கிப் பொருத்தினார்கள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. தொட்டிலைக் கழற்றியவன் குணாளன். எட்டே எட்டுத் திருகாணிதான், அதற்கு அவனுக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. பிரஷாந்தி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இன்னொரு முறை அப்படி நிற்பதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

பிறகு எதற்கு வாங்கினான் என்றால், ஆசை, வேறென்ன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கப்பலுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் கைப்பேசியில் டயப்பர் பார்த்தான். பட்டன் வைத்ததா, ஒட்டுகிறதா? உள்ளே வைக்கிற துணி பருத்தியா, மூங்கில் நாரா? பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் இவ்வளவு யோசிக்கவில்லை. மூன்று வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு பட்டன், மூங்கில் என்று முடிவு செய்தான். வாத்துப் படம் போட்டது. பார்சல் வந்த பிறகுதான் அட்டையைப் படித்தான். 'முதல் உபயோகத்துக்கு முன் ஆறு முறை துவைத்துக் காயவைக்கவும். இல்லாவிட்டால் ஈரத்தை இழுக்காது.'

பிரசவத்துக்குப் பிறகு ஆரம்பித்தால், துவைத்து முடிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அதனால்தான் இந்த வாளி.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு சீக்கிரம் விட்டுட்டாங்க. நீங்க பாத்ரூம்ல என்ன பண்றீங்க?"

"தரைய கழுவிக்கிட்டிருக்கேன்."

"நீங்களா?"

குணாளன் வாளியைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தினான்.

"சரி, நான் ரோஹானாக்கா டோபிக்குப் போயிட்டு வரேன். போர்வை போடணும்."

"வீட்டுல மெஷின் இருக்கே?"

"கனமான போர்வைலா. உங்களுக்கென்ன அது?"

வாராவாரம் அவள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் அந்தச் சலவைக்கடைக்குப் போவாள். இன்று அதுவும் நல்லதாகப் போயிற்று. அவள் தலை மறைந்ததும் டயப்பர்களைப் பிழிந்து ஒரு பையில் திணித்து, மோட்டார் சைக்கிளின் பெட்டியில் அடைத்தான்.

மறுநாள் துறைமுக ஓய்வறைக்குப் பின்னால் கயிறு கட்டினான். கடல்காற்றில் வாத்துகள் வரிசையாக ஆடின. சக கிரேன்காரர் ஹைதர் வந்து பார்த்தார்.

"குணா, பிள்ள பொறந்திருச்சா? சொல்லவே இல்ல."

ஹைதரின் மனைவியும் பிரஷாந்தியும் ஒரே கிளினிக்கில் வேலை பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனின் பெயர்தான் அவன் வாயில் வந்தது.

"என்னோடது இல்லண்ணே. நம்ம ஜாஹிரோடது."

"அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே?"

"அதான்ணே. வெளிய சொல்லிடாதீங்க."

வெளியே சொல்லாதே என்பதைவிட வேகமான வண்டி பினாங்கில் கிடையாது. அது மலை ஏறி இறங்கி, பாலிக் புலாவில் ஜாஹிருக்கு நிச்சயம் பேசியிருந்த பெண் வீட்டை மதியத்துக்குள் எட்டிவிட்டது. ஜாஹிர் போன் செய்தான்.

"அண்ணே, பொண்ணோட அத்தா, பிள்ளைக்கு என்ன பேருன்னு கேக்குறாரு. எந்தப் பிள்ளைன்னு கேட்டா, மொத்தம் எத்தனைன்னு கேக்குறாரு. என் வாழ்க்கையே போச்சுண்ணே."

குணாளன் கயிற்றிலிருந்து வாத்துகளை அவிழ்த்தான். வேலை முடிந்ததும் டயப்பர் பையோடு பாலிக் புலாவுக்குப் பறந்தான். பெண்ணின் தகப்பனார் முன்னால் வாத்துகளைக் கொட்டினான்.

"இதெல்லாம் என்னுதுங்க. பொண்டாட்டிக்குத் தெரியாம வாங்கினேன்."

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்டாட்டிக்குத் தெரியாமயா? அப்ப பிள்ள யாரோடது?"

"ஐயோ, அதுவும் பொண்டாட்டியோடதுதாங்க."

தொட்டில் கதையைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. எழுந்து வந்து, வாத்துகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். ஜாஹிரின் நிச்சயம் தப்பியது. திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. பை கிழிந்து, சேற்றில் விழுந்த டயப்பர்களைப் பொறுக்கி வண்டிப் பெட்டியில் திணித்துக்கொண்டு, ஜெலுத்தோங்கில் வீடு வந்து சேர்ந்தான்.

"எங்க போய் இப்படி நனைஞ்சீங்க?" என்று பிரஷாந்தி அவன் தலையைத் துவட்டினாள். "மூஞ்சியே சரியில்ல. பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம். உனக்கு?"

"எனக்கும் இல்ல."

அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. இவளை ஏமாற்றுகிறோமே என்று குணாளனின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும், சேறு படிந்த டயப்பர்களைத் தூக்கிக்கொண்டு ரோஹானாக்காவின் கடைக்குப் போனான். இனி வேறு போக்கிடம் இல்லை.

"அக்கா, இத ஆறு தடவ துவைச்சுக் காயப்போடணும். பிரஷாந்திக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா பயந்துருவா. அவ மறுபடியும் கலங்கி நிக்கிறத என்னால பாக்க முடியாதுக்கா."

ரோஹானா ஒரு வாத்தை வெளியே எடுத்தாள். பட்டனைத் தடவிப் பார்த்தாள். கடையின் பின்பக்கத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னால கொடியில எடமில்ல தம்பி. வாராவாரம் பிரஷாந்தி கொண்டாந்த முப்பது டயப்பரும் அங்கதான் தொங்குது. உனக்கு மட்டும் தெரியவே கூடாதாம், நீ பயந்துருவியாம்."