கன்னியப்பன் பிரிக்காத மூட்டை

யாராவது என்னைப் பார்த்ததும் எதையாவது மூடி வைத்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. டப்பாவுக்குள் இருப்பது வெறும் கடலை மிட்டாய் என்று சத்தியம் செய்தாலும், ‘அப்படியானால் ஏன் மூடினாய்?’ என்ற கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் குணத்தால் நான் இழந்தவை: சில நண்பர்கள், ஒரு நல்ல சட்டை, இரண்டு புருவங்கள். புருவங்கள் திரும்பி வந்துவிட்டன. (சட்டை வரவில்லை.)

எழுபதுகளின் கடைசி. எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்த கையோடு, உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையில் இருந்த ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். என்னைத் தவிர அங்கே மின்சார வேலை தெரிந்தவர் ஒருவர்தான். பெயர் கன்னியப்பன். முப்பது வயதிருக்கும். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மோட்டாருக்குக் காயில் கட்டுவதிலிருந்து மெயின் சுவிட்சைப் போடுவதுவரை எல்லாம் அவர்தான். நானோ சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியவன். (அன்றைக்கு அவரை ‘அவன்’ என்றுதான் நினைத்தேன். ‘அவர்’ ஆன கதை பின்னால் வருகிறது.)

அவர் போக்கு முதல் நாளே எனக்குச் சரியாகப் படவில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சுவிட்ச் அறையில் அவர் செய்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். மெயின் சுவிட்ச் இருக்கும் இரும்புப் பெட்டியை மூங்கில் குச்சியால் மூன்று தடவை தட்டுவார். பெட்டியின் கதவு தாழிட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். பிறகு, நேராக நிற்காமல் பக்கவாட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணையும் மூடிக்கொண்டு, ஒரே கையால் கைப்பிடியைத் தூக்குவார். வேலை செய்கிறவன் வேலையைப் பார்த்துச் செய்ய வேண்டாமா? போதாததற்குச் சித்திரை வெயிலிலும் முழுக்கைக் காக்கிச் சட்டை. பெட்டிக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. அதை யாரும் தாண்டக் கூடாதாம்.

நான் தாண்டினேன்.

“கோட்ட தாண்டாத சார்.”

“ஏன்? கண்ண மூடிக்கினு சுவிட்ச் போடறியே, எந்த சாமிக்கு வேண்டுதல்?”

அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை காரணத்தைச் சொல்லியிருப்பார். பதிலுக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை என் டெரிலின் சட்டையில் வந்து நின்றது. எனக்குப் பெண் பார்க்கப் போவதற்காக எடுத்த சட்டை, பளபளவென்று, ஆரஞ்சு நிறப் பூக்கள் போட்டது.

“இந்த சொக்காவ போட்டுக்கினு இந்த ரூமுக்கு வராத சார். நூல் சொக்கா இருந்தா போட்டுக்கினு வா.”

‘பொறாமை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது, பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய ஒரு மூட்டை. கறுப்புக் கம்பளிச் சுருட்டு. ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி கயிற்றில் முடிச்சு. கையை நீட்டினேன். “அத மட்டும் தொடாத சார்” என்றார். எரிந்த மோட்டாரிலிருந்து பிரித்தெடுக்கும் செம்புக் கம்பியெல்லாம் எங்கே போகிறது என்று நான் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தேன். (ஆபீஸுக்குப் பின்னால் ஒரு டிரம்முக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமே.)

நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தார்.

“அந்த மூட்டையில கம்பி இருந்தா இன்னிக்கே அவன வூட்டுக்கு அனுப்பிடறேன். இல்லன்னா இன்னா பண்ணலாம் தம்பி?”

“இருக்கும் சார்.”

கன்னியப்பனுக்கு இரண்டு குழந்தைகள், மூன்றாவது வரப்போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் எழுதி வைத்திருந்தேன், ‘திருடுவதற்கான காரணங்கள்’ என்ற தலைப்பில்.

சுவிட்ச் அறைக்குப் போனோம். காலையில் போன மின்சாரம் அப்போதுதான் திரும்பியிருந்தது. கன்னியப்பன் குச்சியைக் கையில் எடுத்திருந்தார். முதலாளி வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

“அந்த மூட்டைய பிரிப்பா.”

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. “பிரிக்கறதுக்கு இன்னா மொதலாளி. மெஷின ஓட்டிட்டு வந்துடறேன். நெல்லு ஊறிக்கினு கீது, வுட்டா நாறிப்பூடும்.”

தட்டிக் கழிக்கிறான். விடுவேனா? “மெஷின நான் ஓட்டறேன். நீ மூட்டைய பிரி” என்று கோட்டைத் தாண்டினேன். பெட்டிக்குள்ளும் கம்பி ஒளித்திருப்பானோ என்று கதவை அகலத் திறந்து முதலாளிக்குக் காட்டினேன். சிலந்தி வலையும் தவிட்டுத் தூசியும்தான் கண்ணில் பட்டன.

“கதவ சாத்திட்டு போடு சார்.”

“ஏன், மொதலாளி உள்ள பாக்கக் கூடாதா?”

“தட்டிட்டாவது போடு சார்.”

“எதுக்கு? உள்ள யாராவது தூங்கறாங்களா?”

தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பல்லி. மேல் மூலையில், இரண்டு செம்புப் பட்டைகளுக்குக் குறுக்கே.

நான் நேராக நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, கைப்பிடியைத் தூக்கினேன்.

டிப்ளமாவில் ‘ஆர்க்’ நாலு மார்க் கேள்வி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே காற்று வழியாக மின்சாரம் தாவும் என்று எழுதி, அழகாக ஒரு வளைவு போட்டால் நாலும் கிடைக்கும். அந்த வளைவு நெருப்புருண்டையாகப் பெட்டியை விட்டு வெளியே வந்து ஆளைத் தேடும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. முதலில் எல்லாம் வெள்ளையானது. அதற்கப்புறம்தான் சத்தம். அதற்கும் அப்புறம், யாரோ கோழி வாட்டுகிற வாசனை. (கோழி நான்தான்.) என் சட்டையின் ஆரஞ்சுப் பூக்கள் ஒவ்வொன்றாக உருகி நெஞ்சில் ஒட்ட ஆரம்பித்தன. ஒரு கை என் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியது. சொரசொரவென்று எதுவோ என்னைத் தலையோடு சேர்த்துச் சுருட்டியது.

இருட்டுக்குள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டது. “மூட்டைய பிரிச்சாச்சா? உள்ள இன்னா இருந்திச்சி?”

“ஒண்ணியும் இல்ல மொதலாளி, வெறும் கம்பளி” என்றார் கன்னியப்பன். “இப்பதான் உள்ள சார் கீறாரு.”

அவர் என்னைப் பிரித்தபோது ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை திரும்பியிருந்தது. அவருடைய முழுக்கைச் சட்டை மேலேறிக் கிடந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல், கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“போன மில்லுல,” என்றார். “அங்க கம்பளி இல்ல.”

ஒரு வாரம் ஆஸ்பத்திரி. கொப்புளங்கள் ஆறின. ஆனால் மூன்று வாரம் கழித்துத் திருப்புலிவனத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் என் முகம் உரித்த உருளைக்கிழங்காகவே இருந்தது. நல்ல நாளைத் தள்ளிப்போட மனமில்லாத அம்மா, கண் மையால் எனக்குப் புருவம் எழுதிவிட்டாள். வேலூர் வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்ட ஒரு டேபிள் ஃபேன் இருந்தும் அங்கே காற்று மட்டும் வரவில்லை. கேசரியை முடிப்பதற்குள் இடது புருவம் கன்னத்துக்கு வந்துவிட்டது. பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மிகவும் பழக்கமான பார்வை. நானே பலரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே பையனுக்கு என்ன வியாதி என்று விசாரிக்க ஆலைக்கு வந்துவிட்டார். கேட்டருகே முதலில் அகப்பட்டவர் கன்னியப்பன். இதைக் கேள்விப்பட்டதும், கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அவர் இடத்தில் நானிருந்தால் தொழுநோய் என்றே சொல்லியிருப்பேன்.

அவர் சொன்னது இது: “வியாதி இல்லீங்க, ஃப்ளாஷ் அடிச்சிடுச்சி. நல்ல பையன். புருவம் ரெண்டு மாசத்துல மொளச்சிரும். சந்தேகம்தான் போவுமான்னு தெர்ல.”

மாமனார் அதை வீட்டில் போய் ஒரு எழுத்து விடாமல் சொன்னாராம். பெண் சிரித்தாளாம். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, நூல் சட்டை போட்டுக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்றேன். கன்னியப்பன் குச்சியை என்னிடம் நீட்டினார். தட்டினேன். உள்ளே எதுவோ ஓடுகிற சத்தம் கேட்டது.

இன்றைக்கும் என் வீட்டில், ‘இங்கே வைத்த பேனாவை யார் எடுத்தது?’ என்று நான் பீரோ முன்னால் ஆரம்பித்தால், என் மனைவி கையிலிருக்கும் கரண்டியால் பீரோவின் கதவை மூன்று தடவை தட்டுவாள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள்.